மஞ்சள் அட்டைப் புத்தகம்: எடோ காலத்து ஜப்பானியப் படக்கதையைப் படிக்கத் தொடங்குவது எப்படி

கிராமத்துப் பையன் ஒருவன் எடோ நகரத்துக்குப் பிழைக்க வருகிறான். பெயர் கின்பெய். மெகுரோவை எட்டும்போது நல்ல பசி. தினை மோச்சி என்ற பலகாரம் விற்கும் கடையில் நுழைந்து, வேண்டியதைச் சொல்லிவிட்டு, வரும்வரை சற்றுச் சாய்கிறான். அப்படியே தூங்கிப்போகிறான். கனவில் ஒரு பெரிய வியாபாரி பல்லக்கு அனுப்பி அவனைத் தத்தெடுத்துக்கொள்கிறார். கையில் காசு புரள ஆரம்பித்ததும் யோஷிவாரா கேளிக்கைப் பேட்டையே கதி என்று கிடக்கிறான். கூட இருந்தவர்கள் கறக்கிற வரைக்கும் கறக்கிறார்கள். கடைசியில் வந்தபோது போட்டிருந்த பழைய துணியோடு வீட்டைவிட்டுத் துரத்தப்படுகிறான். திடுக்கிட்டு விழித்தால், மாவு இடிக்கும் சத்தம் கேட்கிறது. சொன்ன மோச்சி இன்னும் தயாராகவில்லை. பையன் பேசாமல் ஊருக்கே திரும்பிவிடுகிறான்.

எடோ என்பது இன்றைய டோக்கியோ. 1775-இல் அங்கே மரப்பலகையில் செதுக்கி அச்சடித்து வெளியிட்ட கதை இது. எழுதியவரும் படம் போட்டவரும் ஒரே ஆள், கொய்கவா ஹருமாச்சி. ஒரு சிறு பிரபுவிடம் உத்தியோகம் பார்த்த சாமுராய் அவர். கொய்ஷிகவா பகுதியில் கசுகா என்ற பேட்டையில் குடியிருந்தார். அந்த விலாசத்தையே கொஞ்சம் திருகிப் புனைபெயராக்கிக்கொண்டார். புத்தகம் மொத்தம் 20 பக்கம். கிபியோஷி எனப்படும் மஞ்சள் அட்டைப் புத்தக வகை இதிலிருந்துதான் தொடங்கியதாக ஜப்பானிய இலக்கிய வரலாறு சொல்கிறது.

இந்த உலகத்துக்குள் புதிதாக நுழைகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். இவை படம் போட்ட கதைப் புத்தகங்கள் அல்ல. கதையில் பாதியைப் படம்தான் சொல்கிறது. எழுத்திலிருந்து தொடங்குகிறவர் ஒரு வாரத்தில் மூடி வைத்துவிடுவார். நானும் அப்படி இரண்டு முறை மூடி வைத்தவன்தான். மூன்றாம் முறை எழுத்தை விட்டுவிட்டுப் படத்தைப் பார்க்க ஆரம்பித்தேன், அப்புறம்தான் வண்டி நகர்ந்தது.

எந்த வகையில் தொடங்குவது

எடோ காலம் என்பது 1603 முதல் 1868 வரை. மக்கள் விரும்பிப் படித்த மலிவான படக்கதைகளுக்குப் பொதுப்பெயர் குசஸோஷி. அட்டையின் நிறத்தை வைத்தே வகை பிரித்தார்கள். முதலில் சிவப்பு அட்டை வந்தது, அதில் குழந்தைக் கதைகள் அதிகம். அப்புறம் கறுப்பும் நீலப்பச்சையும் வந்தன, அவற்றில் நாடகக் கதை, வீரக்கதை. 1775 முதல் மஞ்சள் அட்டை. இது படித்த பெரியவர்களுக்கான கிண்டல். அந்தக் காலத்து ஆட்கள் மஞ்சள் அட்டைக்கும் நீல அட்டை என்ற பழைய பெயரையே சொல்லிக்கொண்டிருந்தார்கள் என்பதால், பழைய குறிப்புகளைப் படிக்கும்போது குழம்ப வேண்டாம். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல சிறு பகுதிகளைச் சேர்த்துத் தைத்து, நீண்ட தொடர்கதைகளாக வெளியிட்டார்கள். அதற்குக் கோக்கன் என்று பெயர்.

இந்த வரிசைக்கு வெளியே யோமிஹோன் என்ற தடித்த நாவல் வகையும் உண்டு. அதில் எழுத்துதான் பிரதானம், படம் அங்கங்கே வரும். ஷரெபோன் என்பது யோஷிவாரா பேட்டையின் பேச்சு வழக்கைப் படம் பிடிக்கும் சின்னப் புத்தகம். இரண்டையும் இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள்.

புதியவருக்கு மஞ்சள் அட்டைதான் சரி. காரணம் அதன் அளவு. ஏறத்தாழ 18 சென்டிமீட்டர் உயரம், 13 சென்டிமீட்டர் அகலம். ஒரு பகுதிக்கு 5 தாள், அதாவது 10 பக்கம். பெரும்பாலான கதைகள் இரண்டு அல்லது மூன்று பகுதியில் முடிந்துவிடும். 30 பக்கத்தில் ஒரு முழுக்கதை. தடுமாறித் தடுமாறிப் படித்தாலும் முடிவைப் பார்த்துவிடலாம், அந்தத் திருப்தி தொடக்கத்தில் ரொம்ப முக்கியம்.

எந்தக் கதை என்று கேட்டால், இரண்டு சொல்வேன். ஒன்று மேலே சொன்ன கின்பெய் கதை. இன்னொன்று சாந்தோ கியோதென் 1785-இல் எழுதிய ‘எடோ உமாரே உவாகி நோ கபயாகி’. பின்னதை நான் எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன், இன்னும் சிரிப்பு வருகிறது. கியோதெனின் மூன்று மஞ்சள் அட்டைக் கதைகளை ஆடம் கெர்ன் விரிவான குறிப்புகளோடு ஆங்கிலத்தில் தந்திருக்கிறார், இந்தக் கதையும் அதில் ஒன்று. ஜப்பானிய மொழியே தெரியாதவர் அந்த மொழிபெயர்ப்பை ஒரு கையிலும் மூலத்தின் படங்களை ஒரு கையிலும் வைத்துக்கொண்டு போகலாம். எழுத்துப் பயிற்சியைப் பற்றி நான் கீழே சொல்வதைத் தாண்டிப் போனாலும் நஷ்டமில்லை.

பிரதியைத் தேடித் திறப்பது

ஜப்பானிய நாடாளுமன்ற நூலகத்தின் மின்தொகுப்பு, வசேதா பல்கலைக்கழகத்தின் பழநூல் தளம், தேசிய ஜப்பானிய இலக்கிய ஆய்வு நிறுவனம் நடத்தும் கொகுஷோ தரவுத்தளம் ஆகிய மூன்றும் போதும். கடைசியாகச் சொன்ன நிறுவனம் 3 லட்சம் பழைய நூல்களைப் படமெடுக்கும் திட்டத்தையே நடத்தியது. எல்லாம் இலவசம், கணக்குத் தொடங்கவும் வேண்டாம். தேடும்போது புத்தகப் பெயரை ஜப்பானிய எழுத்தில் நகலெடுத்து ஒட்டுங்கள். ரோமன் எழுத்தில் தட்டினால் பாதி நேரம் ஒன்றும் கிடைக்காது.

திறந்ததும் முதலில் செய்ய வேண்டியது, புத்தகத்தை வலமிருந்து இடமாகப் புரட்டக் கையைப் பழக்குவது. அட்டையில் பெயர் ஒட்டுச்சீட்டு இருக்கும், அதிலேயே ஒரு குட்டிப் படமும் இருக்கும். மேல், நடு, கீழ் என்று பொருள்படும் சீன எழுத்துகளில் ஒன்று அதில் தென்பட்டால், மூன்று பகுதியில் இது எத்தனையாவது என்பதைச் சொல்கிறது என்று அர்த்தம். மேல், கீழ் இரண்டு மட்டும் என்றால் இரண்டே பகுதி.

சீட்டில் ஒரு வணிக முத்திரையும் கண்ணில் படலாம். மலைமுகடு மாதிரி ஒரு கோடு, அதன் கீழே ஒரு கொடியின் இலை என்றால் அது ட்சுதாயா ஜூசபுரோவின் பதிப்பகம். யோஷிவாரா வாசலில் சின்னக் கடை வைத்திருந்தவர். 1783-இல் நிஹோன்பாஷிக்கு, புத்தகக்கடைகள் வரிசையாக இருந்த தெருவுக்குக் கடையை மாற்றினார். 2025-இல் ஜப்பானின் என்.எச்.கே. தொலைக்காட்சி வரலாற்றுத் தொடரை இவரை வைத்துத்தான் எடுத்தார்கள். அதைப் பார்த்துவிட்டு இந்தப் பக்கம் வந்தவர் என்றால், அந்த முத்திரையைக் கண்டதும் ஒரு சந்தோஷம் வரும்.

பக்க அமைப்பையும் ஒரு தடவை புரிந்துகொள்ளுங்கள். தாளின் ஒரு புறம் மட்டுமே அச்சடித்து, அச்சு வெளியே தெரியும்படி இரண்டாக மடித்து, மடிப்பை விளிம்பாக வைத்து எதிர்ப்பக்கத்தைத் தைத்திருப்பார்கள். அதனால் 5 தாளுக்கு 10 பக்கம். முதல் பக்கம் தனியாக ஒரு படம், பிறகு நான்கு இரட்டைப்பக்கப் படங்கள், கடைசிப் பக்கம் மறுபடி தனிப்படம். ஒரு பகுதிக்கு ஆறு காட்சி. மூன்று பகுதிக்கு 18. கதை எழுதுகிறவர் இந்த எண்ணிக்கைக்குள்தான் ஓட வேண்டும். இரட்டைப்பக்கப் படத்தின் இரு பாதியும் வெவ்வேறு தாளில் இருப்பதால் நடுவில் கோடுகள் சில இடங்களில் ஒன்றுக்கொன்று இம்மி விலகி நிற்கும். அது குறையில்லை, கையால் செய்த வேலையின் அடையாளம்.

முதல் ஒரு மணி நேரம் எழுத்தைத் தொடாதீர்கள்

கடைசிப் பக்கம் வரை படத்தை மட்டும் பாருங்கள். பேனாவும் தாளும் பக்கத்தில் இருக்கட்டும். ஒவ்வொரு காட்சிக்கும் யார் இருக்கிறார்கள், எங்கே, என்ன செய்கிறார்கள் என்று ஒரு வரி தமிழில் எழுதுங்கள். தப்பாக எழுதினால் பரவாயில்லை.

யார் யார் என்பதைக் கண்டுபிடிக்க முகத்தைப் பார்க்காதீர்கள். பெரும்பாலும் எல்லா முகமும் ஒன்றுபோலவே இருக்கும். சட்டைக்கையைப் பாருங்கள். பாத்திரத்தின் பெயரில் உள்ள ஒரு எழுத்தைக் கைமடிப்பில் போட்டிருப்பார்கள். உடை மாறினாலும் அந்த எழுத்து மாறாது. இந்த ஒரு தந்திரம் தெரிந்தால் பாதிக் கதை கையில் வந்துவிடும்.

கியோதெனின் கதாநாயகன் என்ஜிரோவுக்கு அதுவும் தேவையில்லை. அவன் மூக்கே போதும். சப்பையாக, பன்றி மூக்கு மாதிரி மேல்நோக்கித் திறந்த மூக்கு. பணக்கார வீட்டு ஒற்றைப் பிள்ளை, அழகு கிடையாது. ஆனால் ஊரே தன் காதல் லீலைகளைப் பற்றிப் பேச வேண்டும் என்ற ஆசை மட்டும் மலையளவு. இந்தக் கதையின் காட்சிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தால், படத்தோடு சேர்த்து எப்படிப் படிப்பது என்று தெரியும்.

முதலில் அவன் கையில் பச்சை குத்திக்கொள்கிறான், இல்லாத காதலிகளின் பெயர்களை. விரலிடுக்கு வரைக்கும். அத்தனையும் பளிச்சென்று இருந்தால் நம்ப மாட்டார்கள் என்று ஒன்றிரண்டை நெருப்பு வைத்துச் சுட்டு அழிக்கிறான், மனக்கசப்பில் பிரிந்த காதலியாம். அடுத்து ஒரு ஆட்டக்காரிக்குப் பணம் கொடுத்துத் தன் வீட்டு வாசலில் வந்து ‘உன்னையல்லால் வாழமாட்டேன்’ என்று அழச் சொல்கிறான். அக்கம்பக்கத்தார் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. செய்தித்தாள் அடித்துத் தெருவில் விற்க ஆள் வைக்கிறான். இலவசமாகக் கொடுத்தும் வாங்க ஆளில்லை. அடியாட்களுக்குக் கூலி கொடுத்துத் தன்னையே அடிக்கச் சொல்கிறான், பேரழகனைப் பொறாமையில் அடித்தார்கள் என்ற பெயர் வருமே! அடி மட்டும் நிஜமாக விழுகிறது. பணக்காரன் என்பதால்தான் யாரும் நம்பவில்லை என்று நினைத்து, பெற்றவர்களிடம் கெஞ்சித் தன்னை வீட்டைவிட்டு விலக்கச் சொல்கிறான். 75 நாளுக்கு மட்டும். வதந்தியின் ஆயுள் 75 நாள் என்று ஜப்பானில் ஒரு பழமொழி உண்டு, கணக்கு அங்கிருந்து வருகிறது.

கடைசியில் உகினா என்ற தாசியைப் பணம் கட்டி மீட்டு, அவளோடு சேர்ந்து காதல் தற்கொலை நாடகம் போடப் புறப்படுகிறான். அந்தக் காலத்து மேடைகளில் கண்ணீர் பொங்க நடந்த காட்சி அது. அந்த நேரம் பார்த்து முகமூடிக் கொள்ளைக்காரர்கள் வந்து இருவர் உடையையும் உருவிக்கொண்டு போகிறார்கள். கோவணத்தோடு ஒரு குடைக்குள் இருவரும் நடந்துபோகும் இரட்டைப்பக்கப் படம்தான் இந்தப் புத்தகத்தின் உச்சம். வீட்டுக்கு வந்தால், அந்தத் துணிகள் அங்கே மாட்டியிருக்கின்றன. கொள்ளையடித்தவர்கள் அவன் அப்பாவும் கடைக் கணக்குப்பிள்ளையும்.

இந்தக் கதையைப் படத்தை மட்டும் பார்த்தே நீங்கள் முக்கால்வாசி பிடித்துவிடுவீர்கள். படம் போட்டவர் கிதாவோ மசனோபு என்று கடைசியில் கையெழுத்து இருக்கும். அது கியோதென்தான், ஓவியனாக அவர் வைத்துக்கொண்ட பெயர். அந்த மூக்குக்கும் கியோதென் மூக்கு என்றே பிற்பாடு பெயர் நிலைத்துவிட்டது.

எங்கிருந்து படிப்பது

படத்தின் வெற்றிடத்தையெல்லாம் எழுத்து நிரப்பியிருப்பதைப் பார்த்தால் முதலில் தலை சுற்றும். ஆனால் அதற்கும் ஒழுங்கு உண்டு. கதைசொல்லியின் பகுதி வலது மேல்மூலையில் தொடங்கும். மேலிருந்து கீழ், வரி முடிந்ததும் இடப்பக்கத்து வரி. தலை, குடை, கூரை குறுக்கே வந்தால் எழுத்து அதைச் சுற்றிக்கொண்டு போகும். பேச்சு தனி. பேசுகிறவரின் பக்கத்திலேயே, காலருகே, முதுகுக்குப் பின்னால் என்று சிறு கொத்தாக இருக்கும். கதைப்பகுதியை முழுக்க முடித்துவிட்டுப் பேச்சுக்கு வாருங்கள். மேலே சோகமாக ஏதோ நடக்கும்போது, கீழே நிற்கிற வேலைக்காரன் சம்பந்தமே இல்லாமல் இரவுச் சாப்பாட்டைப் பற்றிப் புலம்பிக்கொண்டிருப்பான். நல்ல நகைச்சுவையெல்லாம் அங்கேதான்.

நாம் காமிக்ஸில் பார்த்துப் பழகிய பேச்சுக் குமிழ் இங்கே பேச்சுக்கு இல்லை, கனவுக்குத்தான் வரும். தூங்கும் கின்பெய்யின் மேல்புறத்திலிருந்து ஒரு குமிழ் கிளம்பி, அதற்குள்ளே பல்லக்கு வருவதைப் பாருங்கள்.

பிற்காலக் கோக்கன் வகையில் எழுத்து ரொம்ப நெருக்கம். பக்கத்தின் ஒரு மூலையில் நின்றுபோன வாக்கியம் வேறு மூலையில் தொடரும். முக்கோணம், கருவட்டம் மாதிரி ஒரு குறி போட்டிருப்பார்கள். அதே குறி எங்கே இருக்கிறது என்று தேடிப் பிடித்து அங்கிருந்து படிக்க வேண்டும்.

எழுத்து

நல்ல செய்தி என்னவென்றால், கதை கிட்டத்தட்ட முழுக்க ஹிரகானா என்ற ஜப்பானிய ஒலியெழுத்தில் இருக்கும். சீன எழுத்து மிகவும் குறைவு. அதன் ஜப்பானியப் பெயரைத் தமிழில் எழுதினால் சாப்பிடுகிற கஞ்சிதான் நினைவுக்கு வரும் என்பதால் சீன எழுத்து என்றே சொல்லிவிடுகிறேன்.

கெட்ட செய்தி, இன்றைய ஹிரகானா மட்டும் தெரிந்தால் போதாது. ஒரு ஒலிக்கு ஒரே வடிவம் என்று பள்ளிகளில் நிலைப்படுத்தியது 1900-இல்தான். அதற்கு முன் ஒரே ஒலிக்கு இரண்டு மூன்று வடிவம் சேர்ந்தே புழங்கின, ஒரே வரியில்கூட. வடிவங்கள் எல்லாமே ஏதாவது ஒரு சீன எழுத்தை வேகமாகக் கிறுக்கியதிலிருந்து பிறந்தவை. ‘சு’ என்பதற்கு இன்றைய வடிவத்தோடு, வசந்தம் என்ற சீன எழுத்திலிருந்து வந்த வடிவமும் வரும். ‘ஹ’ என்பதற்கு எட்டு என்ற எண்ணிலிருந்து வந்த இரண்டு சாய்கோடு. ‘த’ என்பதற்கு நிறைய என்று பொருள்படும் எழுத்தின் கிறுக்கல். ‘மி’ என்பதற்கு மூன்று என்ற எண். இப்படி 40, 50 கூடுதல் வடிவங்கள் பழகினால் மஞ்சள் அட்டைக்குப் போதும்.

புதியவர்களை அதிகம் ஏமாற்றுவது ‘ஷி’. மேலிருந்து கீழே ஒரு நீண்ட கோடு, கடைசியில் சின்ன வளைவு. மூன்று எழுத்து நீளத்துக்குத் தொங்கும். நான் ரொம்ப நாள் அதைப் படத்தின் கோடு, ஏதோ கயிறு என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அதேபோல நீண்ட கோணல் குறி ஒன்று வரும். முந்தைய இரண்டு எழுத்தையோ சொல்லையோ திரும்பச் சொல் என்று அதற்கு அர்த்தம்.

ஒலிப்புக் குறிகளையும் பாதி இடத்தில் போட மாட்டார்கள். ‘க’ வல்லோசையா மெல்லோசையா என்பதை நீங்களே ஊகிக்க வேண்டும். இங்கிலீஷ்காரர்கள் எழுதிய கையேடுகளில் இதைப் பெரிய தலைவலியாகச் சொல்வார்கள். ஒரே ‘க’வை வைத்துக்கொண்டு காகம் என்றும் தங்கம் என்றும் படிக்கிற நமக்கு இது ஒரு விஷயமே இல்லை. நிறுத்தற்குறியும் சொல் இடைவெளியும் இல்லை என்பதுதான் உண்மையான சிரமம். வாய்விட்டுப் படித்தால் வாக்கியம் எங்கே முடிகிறது என்பது காதுக்குப் பிடிபடும்.

பயிற்சிக்கு என் வழி இது. ஒரே ஒரு இரட்டைப்பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அச்செடுத்து, மேலே மெல்லிய தாள் வைத்து, எழுத்தைத் தொடர்ந்து கோடு போடுங்கள். தூரிகை எங்கே தொடங்கி எங்கே திரும்பியது என்பது கைக்குத் தெரிந்தால், கண்ணுக்குத் தானாகத் தெரியும். பத்து நாள் அந்த ஒரே பக்கம். பத்துப் பக்கத்தை ஒரு நாள் பார்ப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

செயலி எவ்வளவு உதவும்

மிவோ என்று ஒரு இலவசச் செயலி இருக்கிறது. ஜப்பானின் மானுடப் புலங்களுக்கான திறந்த தரவு மையம் 2021-இல் வெளியிட்டது. போனில் பக்கத்தைப் படமெடுத்தால், ஒவ்வொரு கிறுக்கலின் மேலும் இன்றைய எழுத்தைப் போட்டுக் காட்டும். ஒசாகா பல்கலைக்கழகம் உருவாக்கிய கூலா செயலி வேறு மாதிரி, அது எழுத்துகளைப் பயிற்சி செய்து தேர்வு எழுதிப் பார்க்க.

மிவோவை முதலிலேயே திறக்காதீர்கள். உங்களுக்குத் தெரிந்ததை ஒரு தாளில் எழுதி, தெரியாத இடத்தில் வட்டம் போட்டுவிட்டு, அப்புறம் அதில் காட்டிச் சரிபாருங்கள். படத்தின் மேல் எழுத்து ஏறியிருக்கும் இடத்திலும், வரிகள் வளைந்து போகும் இடத்திலும் அது தடுமாறும். கிமோனோவின் பூவேலைப்பாட்டை எழுத்து என்று எண்ணிப் படித்துக் காட்டிய நாளும் உண்டு. எழுத்தை அது சொல்லிவிட்டாலும், அர்த்தம் உங்கள் பாடு. பழைய இலக்கணம் கொஞ்சம் வேண்டும்.

கிண்டல் எங்கே ஒளிந்திருக்கிறது

தலைப்பிலிருந்தே தொடங்கும். விலாங்கு மீனைக் குழம்பு தடவித் தணலில் வாட்டினால் ‘உனாகி நோ கபயாகி’, எடோக்காரர்களுக்கு உயிர். உனாகி என்றால் விலாங்கு. அதில் ஒரே ஒரு எழுத்தை மாற்றி ‘உவாகி’ ஆக்கினார் கியோதென், அது பெண்பித்து. எடோவிலேயே பிறந்து வளர்ந்த, நன்றாக வாட்டி எடுத்த காமுகன் என்று தலைப்பிலேயே ஆள் அடையாளம் தெரிந்துவிடுகிறது. தலைப்பை அப்படியே விட்டுவிட்டுக் கதைக்குள் போகாதீர்கள், அரைமணி நேரம் செலவழித்தாலும் தகும்.

படத்திலும் அதேபோல ஒளித்து வைப்பார்கள், சில நேரம் ஆபத்தான விஷயங்களை. 1787-இல் மத்சுதைரா சதனோபு அரசின் தலைமை அமைச்சராக வந்து, சாமுராய்கள் ஒழுங்காகப் படிக்கவும் வாள் பழகவும் வேண்டும் என்று கெடுபிடி செய்தார். நடப்பு அரசியலை எழுதத் தடை. ஆகவே எழுத்தாளர்கள் கதையை அறுநூறு ஆண்டு பின்னால் காமகுரா காலத்தில் வைத்தார்கள். 1788-இல் ஹோசெய்தோ கிசான்ஜி எழுதிய கதையில், சாமுராய்களைப் படிப்பாளி, வீரன், இரண்டும் இல்லாத தண்டம் என்று அரிசி சலிப்பது போலச் சலித்துப் பிரிக்கிறார்கள். சலிக்கிற அந்தப் பழங்கால அமைச்சரின் உடையில் இருந்தது சதனோபு குடும்பத்தின் பிளம் பூச் சின்னம். வாங்கினவனுக்கு வேறென்ன விளக்கம் வேண்டும்? உடையில் பூவோ சின்னமோ கண்ணில் பட்டால் ஒரு நிமிடம் நில்லுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

இதற்கு விலையும் கொடுத்தார்கள். ஹருமாச்சி 1789-இல் இதேபோல ஒன்று எழுதி, அதிகாரிகள் அழைத்தபோது உடல்நலம் சரியில்லை என்று போகாமல் இருந்தார். அந்த ஆண்டே இறந்துபோனார். கிசான்ஜி இந்த மாதிரிக் கதை எழுதுவதையே விட்டார். 1791-இல் கியோதெனின் ஷரெபோன்களுக்காக அவர் கைகளில் 50 நாள் விலங்கு பூட்டினார்கள், ட்சுதாயாவின் சொத்தில் பாதி பறிபோனது. அதற்குப் பிறகு வந்த மஞ்சள் அட்டைகளில் நீதி போதனையும் பழிவாங்கும் கதையும் கூடின. 1775-க்கும் 1789-க்கும் இடைப்பட்டவற்றைத் தேர்ந்தெடுங்கள் என்பேன். பிந்தியவற்றில் எனக்கு அவ்வளவு ருசி இல்லை.

அடுத்து என்ன

இரண்டு மூன்று மஞ்சள் அட்டை முடிந்தால் கோக்கனுக்குப் போகலாம். ரியூதெய் தனேஹிகோ எழுத, உதாகவா குனிசதா படம் போட்ட ‘நிசே முரசாகி இனாகா கெஞ்சி’ 1829 முதல் 1842 வரை 38 பகுதி வந்தது. கெஞ்சி என்ற இளவரசனைப் பற்றிய பழைய ஜப்பானியக் கதையை வேறொரு காலத்துக்கு மாற்றிச் சொன்ன கதை. 1842-இன் சீர்திருத்தக் கெடுபிடியில் நிறுத்தப்பட்டது, தனேஹிகோவும் அந்த ஆண்டே காலமானார். வண்ண அட்டைகளைச் சேர்த்து வைத்தால் ஒரே படமாகும், அதற்காகவே வாங்கினவர்கள் உண்டு. தேரை மந்திரம் தெரிந்த ஜிராய்யாவின் கதையும் கோக்கன்தான், 1839-இல் தொடங்கியது. நருட்டோ அனிமே பார்த்தவர்களுக்குப் பெயர் தெரிந்திருக்கும்.

பக்கின் என்ற எழுத்தாளரின் எட்டு நாய்வீரர்கள் கதையில் மட்டும் அவசரப்பட்டு இறங்காதீர்கள், அது முன்பு சொன்ன யோமிஹோன் வகை. 1814-இல் தொடங்கி 28 ஆண்டு, 106 புத்தகம். நடுவில் அவருக்குக் கண் பார்வையே போய்விட்டது. அவர் சொல்லச் சொல்ல மருமகள் மிச்சி எழுதி முடித்தார். இந்த அளவு நாவல்களை மக்கள் வாங்கிப் படிக்கவில்லை, வாடகைக்கு எடுத்தார்கள். வாடகைக்கு விடுகிறவர்கள் புத்தகங்களை மூட்டையாகக் கட்டி முதுகில் சுமந்துகொண்டு வீடு வீடாக வருவார்கள். 1808-இல் எடோவில் மட்டும் 656 வாடகைப் புத்தகக்காரர்கள் இருந்தார்கள்.

கையில் ஒரு பிரதி வாங்க ஆசைப்பட்டால்

டோக்கியோவில் ஜிம்போச்சோ பழைய புத்தகக்கடைத் தெருவில் இவை கிடைக்கும், இணையத்திலும் வரும். கோக்கனின் தனிப்பகுதிகள்தான் மலிவு. நல்ல மஞ்சள் அட்டை முழுத்தொகுதி கிடைப்பது கடினம். விற்பவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். எல்லாப் பகுதியும் இருக்கிறதா, ஒட்டுச்சீட்டு அசலா, எந்தப் பக்கமாவது விட்டுப்போயிருக்கிறதா. பூச்சி அரித்த துளை சகஜம், அதற்குப் பயப்பட வேண்டாம். கோடுகளைப் பாருங்கள். செர்ரி மரப் பலகையில் தலைமுடி, கண்ணிமை எல்லாம் மயிரிழையில் செதுக்கியிருப்பார்கள். பலகை தேய்ந்த பிறகு அடித்த பிரதியில் அந்த இழைகள் உடைந்து, முடி ஒரே கறுப்பாகத் திரண்டிருக்கும். நூலகப் பிரதியைத் திரையில் வைத்து ஒப்பிட்டால் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

கையைக் கழுவித் துடைத்துவிட்டுத் தொடுங்கள், கையுறை வேண்டாம், தாள் கிழியத்தான் அது உதவும். எச்சில் தொட்டுப் புரட்டாதீர்கள். பக்கங்களின் வெளிவிளிம்பு மடிந்து மூடியிருப்பதைப் பார்த்து ‘ஓ, வெட்டாமல் விட்டிருக்கிறார்கள்’ என்று கத்தியை எடுத்துவிடாதீர்கள். முன்பே சொன்ன மடிப்பு அது. உள்ளே வெற்றுத்தாள்தான். நான் கத்தியைக் கையில் எடுத்த பிறகுதான் சந்தேகம் வந்து நிறுத்தினேன்.

என் முதல் பிரதியை ஒரு இணைய விற்பனையாளரிடம் வாங்கினேன். முழுக்கதை என்று விளம்பரம். வந்தது ஒட்டுச்சீட்டு இல்லாத ஒரே ஒரு நடுப்பகுதி. பத்துப் பக்கம், தலையும் இல்லை வாலும் இல்லை. கேட்டதற்குப் பதில் வரவில்லை. பெயரே தெரியாத புத்தகம். மடிப்பு ஓரத்தில் தாள் எண்ணுக்கு மேலே தலைப்பைச் சுருக்கி ஒன்றிரண்டு எழுத்தில் போட்டிருப்பார்கள் என்று அப்புறம்தான் தெரிந்தது. அந்த இரண்டு எழுத்தை வைத்துக்கொண்டு நூலகத் தளங்களில் நான்கு மாதம் தேடி மற்ற இரண்டு பகுதிகளையும் திரையில் கண்டுபிடித்தேன். அவர்களுடைய பிரதி சுத்தமாக இருக்கிறது. என்னுடையதில் ஒரு சாமுராய்க்கு யாரோ ஒரு பழைய வாசகர் மசியால் பெரிய மீசை வரைந்து வைத்திருக்கிறார்.